ஸ்பேனர் எட்டும் இடம் வையுங்கள்: இஸ்ரோ பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவின் சொந்த விண்வெளி நிலையமாகப் போகும் பாரதிய அந்தரிக்ஷ் ஸ்டேஷனை வடிவமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நிலையத்தின் முதல் பகுதியை, அதாவது முதல் மாட்யூலை, 2028-இல் ஏவி, 2035-க்குள் ஐந்து மாட்யூல்களையும் இணைத்து முடிப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். 2025 ஜனவரியில் உங்கள் ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டும் விண்வெளியில் ஒன்றோடொன்று இணைந்ததைப் பார்த்தபின் ‘இதெல்லாம் நம்மால் முடியுமா’ என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. என் கோரிக்கை வேறு. உள்ளே இருப்பவரின் கை எட்டாத பாகம் எதையும் அந்த நிலையத்தில் வைக்காதீர்கள்.

இது எங்களுக்குத் தெரியாதா என்பீர்கள். தெரியும்தான். ஆனால் எடை, செலவு, கெடு மூன்றும் சேர்ந்து நெருக்கும்போது முதலில் கத்தி விழுவது இந்த மாதிரி விஷயத்தில்தான்.

ராகேஷ் சர்மா 1984 ஏப்ரலில் தங்கிய சோவியத் விண்வெளி நிலையம் சல்யூட் 7-ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் உந்து அமைப்பில் முந்தைய ஆண்டே ஒரு குழாய் கசியத் தொடங்கியிருந்தது. அவர் பூமிக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் சோவியத் வீரர்கள் கிசிமும் சோலோவ்யோவும் அதைச் சரிசெய்ய வெளியே இறங்கினார்கள். விண்வெளியில் வைத்து அந்தக் குழாயைப் பழுதுபார்க்க வேண்டிவரும் என்று வடிவமைத்தவர்கள் யோசிக்கவே இல்லை. மேலுறையை வெட்டித் திறந்துதான் குழாயைத் தொட முடிந்தது. பலமுறை வெளியே போய்வந்து, ஆகஸ்டில்தான் வேலை முடிந்தது. ஒரு சின்ன மூடி வைத்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்!

அடுத்த ஆண்டு அதே நிலையம் மொத்தமாகவே செத்துப்போனது. 1985 பிப்ரவரியில் தொடர்பு அறுந்தது. ஜூனில் ஜானிபெகோவ், சவினிக் என்ற இரு வீரர்கள் அதை மீட்கக் கிளம்பிப் போனார்கள். நிலையத்திலிருந்து எந்த சிக்னலும் இல்லை. கையடக்க லேசர் கருவியால் தூரம் அளந்து, கையாலேயே கலத்தை ஓட்டி இணைத்தார்கள். உள்ளே இருட்டு. சுவரில் உறைபனி, குடிநீர் கட்டியாகிக் கிடந்தது. மின்விசிறி ஓடாததால், விட்ட மூச்சின் கரியமில வாயு முகத்தைச் சுற்றியே தேங்கித் தலையை வலித்தது. கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். கடைசியில் பார்த்தால், பேட்டரி நிறைந்துவிட்டது என்று ஒரு சென்சார் பொய் சொல்லி சார்ஜ் ஆவதையே தடுத்திருந்தது. நல்ல பேட்டரிகளைத் தேடி எடுத்து, ஒயர்களைக் கையால் முறுக்கி, டேப் சுற்றி, சூரியத் தகடுகளோடு நேரடியாக இணைத்தார்கள். நிலையம் பிழைத்தது. அந்த ஒயர் முனைகள் மட்டும் ஏதாவது ஒரு பெட்டிக்குப் பின்னால் போயிருந்தால்?

அமெரிக்கர்களுக்கும் இதே பாடுதான். 1973 மே 14 அன்று அவர்களுடைய விண்வெளி நிலையம் ஸ்கைலேப் கிளம்பி 63 விநாடியில் அதன் கவசம் பிய்ந்தது. ஒரு சூரியச் சிறகு பறிபோனது, இன்னொன்று சிக்கி விரியவில்லை. உள்ளே வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பின்னால் போன கான்ராட், கெர்வின், வைட்ஸ் மூவரும், ஆய்வுக் கருவிகளை நீட்டுவதற்காக வைத்திருந்த சின்ன வாசல் வழியாக ஒரு குடையை வெளியே தள்ளி விரித்தார்கள். அந்த வாசல் சூரியன் பக்கமாக அமைந்தது அதிர்ஷ்டம், வேறென்ன சொல்ல. சிக்கிய சிறகை வெளியே போய் வெட்டி விடுவித்தார்கள். அப்புறம் ஒருநாள் பேட்டரி சார்ஜர் ஒன்றின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மாட்டிக்கொண்டது. வீட்டு மோட்டார் ஸ்டார்ட்டரை நாம் தட்டுவதுபோல, கான்ராட் சுத்தியலால் ஒரு போடு போட்டார். ஓடியது.

கை எட்டினால் மட்டும் போதாது, நேரமும் கிடைக்க வேண்டும். உலகின் முதல் விண்வெளி நிலையமான சல்யூட் 1-இல் 1971-இல் மூன்று வாரத்துக்கும் மேல் தங்கித் திரும்பிய டொப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயேவ் மூவரும் பூமிக்குத் திரும்பும் வழியில் சோயுஸ் 11 கலத்திலேயே இறந்தார்கள். கலத்தின் பகுதிகள் பிரிந்தபோது ஒரு வால்வு திறந்து காற்று வெளியேறியது. கையால் அடைக்க வழி இருந்தது, ஆனால் அடைத்து முடிப்பதற்குள் நினைவு போய்விடும். அழுத்த உடையும் அவர்களிடம் இல்லை, மூன்று பேருக்கு அதற்கு இடம் போதவில்லை.

இப்போது நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு பம்ப்பையும் பேட்டரியையும் வால்வையும் கழற்றி மாட்ட எத்தனை நிமிடம் ஆகிறது என்று, விண்வெளிக் கையுறை போட்ட ஆளை வைத்தே தரையில் அளந்து பாருங்கள். அந்தக் கணக்கை வெளியிடுங்கள். பதில் சொல்லாத நிலையத்தோடு கையால் இணையும் பயிற்சியையும் வீரர்களுக்கு இப்போதே தொடங்குங்கள். 2025 ஆகஸ்டில் டெல்லியில் முதல் மாட்யூலின் மாதிரியை வைத்திருந்தீர்களே, அடுத்தமுறை அதன் உட்சுவர்ப் பலகைகளைக் கழற்றிவிட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
வானத்தை அண்ணாந்து பார்க்கும் ஒரு வாசகன்