செத்த மீனைப் பார்க்க வருகிறவர்கள் தீனி மூட்டையையும் பாருங்கள்

மீன்வளத்துறை கள அலுவலர்களுக்கும், மீன் தீனியில் ஆராய்ச்சி செய்கிற விஞ்ஞானிகளுக்கும் வணக்கம்.

தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். போன ஐப்பசியில் தினமும் நாலு, ஐந்து என்று மீன் செத்து ஒதுங்கியது. ஆக்சிஜன் குறைந்தால் விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும், அது எனக்குப் பழக்கம். இது அப்படி இல்லை. தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஒரு பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். அமோனியா சரி, காரத்தன்மை சரி, சுண்ணாம்பு போடுங்கள் என்றார்கள். போட்டேன். சாவு நிற்கவில்லை.

அப்புறம் நானே கரையில் உட்கார்ந்து ஒரு ரோகுவை அறுத்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈரல் வெளிறி மஞ்சள் பூத்துக் கிடந்தது, விரலால் அழுத்தினால் குழைந்தது. அப்போதுதான் கொட்டகைக்குள் போய் கடலைப் பிண்ணாக்கு மூட்டையைத் திறந்தேன். மழைக்கு முன்னால் வாங்கி ஈரச்சுவரில் சாய்த்து வைத்தது. ஒரு கட்டியை உடைத்தால் உள்ளே பச்சையாகப் பூஞ்சணம். மேலே பூஞ்சணம் தெரிந்த கட்டிகளை ஏற்கெனவே வெயிலில் காயவைத்துத் தவிட்டோடு கலந்து போட்டுக்கொண்டுதான் இருந்தேன், எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற மாதிரி.

காயவைத்தால் பூஞ்சணம் வளர்வதுதான் நிற்கும், அது விட்டுப்போன அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வெயிலிலும் வேகவைப்பதிலும் முழுதாகப் போகாது என்று படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. இது புதுக் கண்டுபிடிப்பா என்றால், இல்லை. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்ததற்குக் காரணமே பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்குதான். அதே சமயத்தில் அமெரிக்காவில் மீன் பண்ணைகளில் பச்சை இறைச்சித் தீனியை விட்டுவிட்டு உலர்தீனிக்கு மாறியிருந்தார்கள், ட்ரவுட் மீன்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஈரலில் புற்றுநோய் வந்தது. துருவிப் பார்த்தால் தீனியில் கலந்த பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் இதே நஞ்சு. நான் வளர்க்கிற கெண்டை இனம் ட்ரவுட் அளவுக்கு இதில் அடிபடாது என்பதும் தெரியும். என் குளத்தில் நடந்தது இதுதான் என்றும் நான் அடித்துச் சொல்லவில்லை. யாராவது பார்த்திருந்தால்தானே தெரியும்?

இன்னொன்று. பிடிப்புக்கு இழுவலை போடும்போது முதுகு வளைந்த மீன் ஒன்றிரண்டு வரும். வியாபாரி அதை எடுத்துத் தனியே எறிவார், "பிறவிக் கோளாறு" என்பார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஜான் ஹால்வர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, மீன் சத்துணவு ஆராய்ச்சிக்கே தந்தை என்று சொல்லப்படுகிறவர், 1969லேயே தன் கூட்டாளிகளோடு காட்டியிருக்கிறார்: வைட்டமின் சி இல்லாத தீனியில் வளர்ந்த சால்மனுக்கும் ட்ரவுட்டுக்கும் முதுகெலும்பு வளைந்துபோகிறது. பெரும்பாலான மீன்களால் அந்தச் சத்தைத் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. எல்லாக் கூனுக்கும் இதுவே காரணம் இல்லை, சரி. ஆனால் என் அப்பா காலத்தில் சாணம் கரைத்து விட்டு, கொஞ்சம் குஞ்சு விட்டு, குளத்தில் விளையும் பாசியிலேயும் நுண்ணுயிரிலேயும் மீனுக்கு எல்லாச் சத்தும் கிடைத்தது. இன்றைக்கு அதே குளத்தில் மூன்று மடங்கு விரலிக் குஞ்சு விடுகிறேன், பாசி பத்தாது, தவிடும் பிண்ணாக்கும்தான் சாப்பாடு. கம்பெனித் தீனி வாங்கினாலும் சாதாரண வைட்டமின் சி சூட்டிலும் நாள்பட்ட மூட்டையிலும் அழிந்துபோகும். அதனால்தான் கெடாத வகையைச் சேர்க்கச் சொல்கிறார்கள். மூட்டையில் எந்த வகை போட்டிருக்கிறார்கள், எந்த மாதம் அரைத்தது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது, சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இறாலுக்கும் கொடுவாவுக்கும் தீனி செய்து காட்டியிருக்கிறது. அறிவு இல்லாத ஊர் இல்லை இது. உங்கள் ஆராய்ச்சிகள்மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை. மீன் சாகிறது என்று ஒருவன் வந்து நின்றால் தண்ணீர் பாட்டிலோடு ஒரு கைப்பிடி தீனியையும் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன போடுகிறாய், எப்போது வாங்கினாய், எங்கே வைத்திருக்கிறாய் என்று கேளுங்கள். பிண்ணாக்கில் நஞ்சு இருக்கிறதா என்று எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் பார்த்துச் சொல்ல மாவட்டத்துக்கு ஓர் இடம் வையுங்கள், முக்கியமாக ஐப்பசி கார்த்திகையில். செலவில் பாதிக்கு மேல் தீனிக்குத்தான் போகிறது, அதைப் பற்றி மட்டும் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

அந்த மூட்டையைக் குழிவெட்டிப் புதைத்துவிட்டேன். அதிலிருந்து இரண்டு கிலோ மட்டும் எடுத்து, டப்பாவில் இறுக்கி மூடி, வாங்கிய தேதியை மேலே எழுதி வைத்திருக்கிறேன். உங்களில் யார் கேட்டாலும் கொண்டுவந்து தருகிறேன்.