‘போன வருடம் போலவே’ என்று நோட்டைப் புதுப்பிக்காதீர்கள்

நியூ ஜெர்சி நகராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் தலைமை நிதி அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

சந்தையில் ‘பான்’ (BAN, Bond Anticipation Note) என்று அழைக்கப்படும் ஓராண்டுக் கடன் நோட்டுகளைப் பற்றியது இந்த மடல். பின்னால் நீண்டகாலக் கடன் பத்திரம் வெளியிட்டு அடைத்துவிடலாம் என்ற ஏற்பாட்டில், சாலைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் வண்டிகளுக்கும் இப்போதைக்கு வாங்கும் கடன் அது. வாங்குவதில் தவறில்லை. வேலை முடியும்வரை உண்மையான செலவு தெரியாது, மானியம் எவ்வளவு கைக்கு வரும் என்பதும் தெரியாது. சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் தனித்தனிப் பத்திரம் போட்டால் வழக்கறிஞர் கட்டணமும் தர மதிப்பீட்டுக் கட்டணமுமே பணத்தைத் தின்றுவிடும். நோட்டில் ஓட்டி, நான்கைந்து வேலைகளைச் சேர்த்துப் பத்திரமாக்குவதே கெட்டிக்காரத்தனம்.

எங்கள் குறை வேறு. புது நோட்டு விற்றுப் பழைய நோட்டை அடைக்கும் புதுப்பிப்பு, மன்றத்தின் கண்ணில் படாமலே நடந்துவிடுகிறது. பத்திரத் தீர்மானத்திலேயே நோட்டு விற்கும் அதிகாரத்தை நிதி அலுவலரிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அவர் விற்றுவிட்டு அடுத்த கூட்டத்தில் எழுத்தில் அறிக்கை வைக்கிறார்: தொகை, வட்டி, வாங்கியவர் பெயர். அதைப் பதிவு செய்துகொண்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறீர்கள். எத்தனையாவது முறை புதுப்பிக்கிறோம், அசலில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்பவர் அரிது.

உங்கள் மாநிலத்தின் உள்ளாட்சிப் பத்திரச் சட்டம் இதில் தாராளமானது. ஒரு நோட்டின் ஆயுள் ஓராண்டுக்கு மேல் போகக்கூடாது. ஆனால் முதல் நோட்டு வெளியான தேதிக்குப் பின் வரும் பத்தாவது நிதியாண்டு முடிந்து, அடுத்த ஐந்தாம் மாதத்தின் முதல் நாள்வரை புதுப்பித்துக்கொண்டே போகலாம். நாள்காட்டி ஆண்டைப் பின்பற்றும் நகராட்சி 2024இல் முதல் நோட்டு விற்றிருந்தால் கடைசிக் கெடு 2035 மே 1. பக்கத்து நியூயார்க்கில் பொது விதி ஐந்தாண்டுதான். அங்கே இரண்டாண்டுக்குள்ளேயே அசலில் ஒரு பகுதியைக் கட்டியாகவும் வேண்டும். உங்களுக்கோ மூன்றாம் ஆண்டு நிறைவில்தான் அந்தக் கடமை தொடங்குகிறது. அன்றும் அதன்பின் ஒவ்வோர் ஆண்டு நிறைவிலும், வரப்போகும் பத்திரத்தின் முதல் தவணை அளவுக்காவது அசலை அடைத்தால்தான் மேற்கொண்டு புதுப்பிக்க முடியும்.

இது குறைந்தபட்ச அளவு. இதையே போதுமான அளவாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். 60 லட்சம் டாலர் நோட்டு, 20 ஆண்டுச் சம தவணைப் பத்திரம் என்று வைத்துக்கொண்டால் தவணை 3 லட்சம். மூன்றாம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டுவரை எட்டு முறை கட்டினாலும் 36 லட்சம் மிச்சம் நிற்கும். சாலை அதுவரை இருக்கும், பரவாயில்லை. ஐந்தாண்டு மட்டுமே உழைக்கும் காரை இதே கணக்கில் ஓட்டினால்? மூன்று, நான்கு, ஐந்தாம் ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு வீதம் கட்டியிருப்பீர்கள். கார் பழைய இரும்புக்குப் போகும் நாளில் ஐந்தில் இரண்டு பங்கு கடன் பாக்கி. குறுகிய ஆயுள் பொருளுக்கு முதலாண்டிலிருந்தே அசலை பட்ஜெட்டில் வையுங்கள். மூன்றாண்டு காத்திருக்கச் சொல்லிச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

அடுத்தது பிரீமியம், அதாவது நோட்டில் எழுதிய தொகைக்கு மேல் வாங்குபவர் கொடுக்கும் பணம். இதில் ஏமாறுவது எளிது. 1 கோடி டாலர் நோட்டை 4 சதவீத வட்டிக்கு எழுதி, சந்தை 3 சதவீத வருவாய்க்கே வாங்கத் தயாராக இருந்தால், கையில் வருவது சுமார் 1 கோடியே 97 ஆயிரம். அந்த 97 ஆயிரம் லாபம் அல்ல. வருட முடிவில் நீங்கள் கட்டப்போகும் 4 லட்சம் வட்டியின் ஒரு பகுதியை வாங்கியவர் முன்கூட்டியே கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அதை வேறு செலவுக்கு விட்டுவிட்டால் அடுத்த பட்ஜெட் முழு 4 லட்சத்தையும் சுமக்கும். ஏலங்களை ஒப்பிடும்போதும் எழுதிய வட்டியைப் பார்க்காமல், பிரீமியத்தைக் கழித்த நிகர வட்டிச் செலவைப் பாருங்கள்.

கூட்டாட்சி வரி விதியிலும் ஓர் எல்லை இருக்கிறது. வாங்கும் வங்கிகளுக்கு வரிச் சலுகை தரும் நோட்டு என்று குறிக்க வேண்டுமானால், ஆண்டு வெளியீடு 1 கோடி டாலரைத் தாண்டக்கூடாது. அப்படிக் குறிக்கப்பட்ட பழைய நோட்டின் தொகையை மட்டும் புதுப்பித்தால் அது இந்த வரம்பில் சேராது. அதன்மேல் கூட்டும் புதுப்பணம் சேரும். டிசம்பரில் அவசரமாக ஒரு வேலையை நோட்டில் சேர்த்து, வரம்பு உடைந்து, வட்டி ஏறிய பிறகு வருந்திப் பயனில்லை.

நாட்களுக்கு வருவோம். முதிர்வுக்கு நான்கு மாதம் முன்பே பொறியாளரிடமிருந்து செலவுக் கணக்கு வந்துவிட வேண்டும்: எவ்வளவு செலவானது, எவ்வளவு மிச்சம், எந்த மானியம் உறுதி. செலவாகாத பணத்தைப் புதுப்பிக்காமல் அடைத்துவிடுவதே மலிவு. புது வேலையைச் சேர்ப்பதானால், பத்திரத் தீர்மானம் நிறைவேறி வெளியிடப்பட்ட பின் 20 நாள் கழித்தே அமலுக்கு வரும். ஐந்து சதவீத முன்பணமும் பட்ஜெட்டில் இருந்தாக வேண்டும். இந்த 20 நாளை மறந்துதான் பல விற்பனைகள் தள்ளிப்போகின்றன. தணிக்கை அறிக்கை தாமதமாகிவிட்டால் இன்னும் மோசம். பழைய கணக்கை நம்பி ஏலம் கேட்க வருபவர் குறைவு. வருபவரும் அதற்கு விலை வைப்பார். ஏலத்தை முதிர்வுக்கு இரண்டு வாரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். புதுப் பணம் முதிர்வு நாளன்று மதியம்தான் வரும் என்றால், ஒரு வங்கிப் பரிமாற்றம் தாமதமானாலே கடன் தவறியதாகிவிடும். புதுப் பணத்தை ஒரு நாள் முன்னதாகவே வாங்கிக்கொண்டால், பழைய நோட்டுக்கும் புதியதற்கும் அன்று கட்டும் இரட்டை வட்டி அந்த ஆபத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. எல்லா நோட்டுகளையும் ஒரே வாரத்தில் முதிரவிடுவதையும் தவிருங்கள்.

சந்தை எப்போதும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கைமேல்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. 1975 பிப்ரவரியில் நியூயார்க் மாநில நகர்ப்புற வளர்ச்சிக் கழகம் 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட பான் நோட்டுகளை முதிர்வு நாளில் கட்ட முடியாமல் நின்றது. புதுப்பிக்கக் கடன் கொடுக்க வங்கிகள் முன்வரவில்லை. 2020 மார்ச்சில் நகராட்சிக் கடன் சந்தை உறைந்தபோது நாட்டின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வே நோட்டு வாங்கும் திட்டத்தோடு இறங்கியது. நியூயார்க்கின் பெருநகரப் போக்குவரத்து ஆணையம் அந்த ஆண்டு டிசம்பரில் அதனிடம் 290 கோடி டாலர் அளவுக்குக் கடன் வாங்கியது. அந்தத் திட்டம் அந்த மாதத்தோடு மூடப்பட்டது.

எனவே நாங்கள் கேட்பது ஒரே ஒரு தாள். நிதி அலுவலரின் அடுத்த விற்பனை அறிக்கையோடு அதை இணைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் முதல் நோட்டின் தேதி, இதுவரை எத்தனை முறை புதுப்பித்தது, அடைத்த அசல், பொருளின் மிச்ச ஆயுள், சட்டக் கெடு, எந்த ஆண்டில் பத்திரமாக்கப்போகிறோம் என்பது அதில் இருக்கட்டும். பத்திரமாக்கும் ஆண்டுக்கான கட்டம் காலியாக இருக்கும் வேலையை அந்தக் கூட்டத்திலேயே விவாதத்துக்கு எடுங்கள்.

இப்படிக்கு,
நகராட்சிக் கடன் வெளியீடுகளைத் தொடர்ந்து கவனித்துவரும் நாங்கள்