வாரத்தில் ஒரு பாடவேளை கேட்கிறோம்

பள்ளிக் கல்வியைத் திட்டமிடுகிறவர்களுக்கு, பணியிடைப் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரிகளுக்கு, கால அட்டவணை போடும் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்குப் பாடம் நடத்தி வருகிறேன். ஒரு விடைத்தாளிலிருந்து இந்த மடலைத் தொடங்குகிறேன்.

ஆறாம் வகுப்பில் ஒரு சிறுதேர்வு. 0.4, 0.35 இரண்டில் எது பெரியது என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி 0.4 என்று எழுதியிருந்தாள். சரி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன். அதில் ஒரு பையன் 0.35 என்று எழுதியிருந்தான். 35 என்பது 4-ஐ விடப் பெரிது, அதனால் 0.35 தான் பெரிது என்பது அவன் கணக்கு. அவனைக் கூப்பிட்டு, "0.4-க்குப் பின்னால் ஒரு பூஜ்ஜியம் சேர்த்துக்கொள். 0.40, 0.35. இப்போது பார்" என்று சொல்லி அனுப்பினேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் தாள்கள் ஆசிரியர் அறை மேசையில் இருந்தன. என்னைவிடப் பல ஆண்டுகள் மூத்த ஆசிரியை ஒருவர் அவற்றைப் புரட்டிப் பார்த்தார். "தப்புப் பண்ணின பிள்ளைகளைப் பார்த்துட்டீங்க. சரியா எழுதினவங்கள்ல நாலு பேரைக் கூப்பிட்டு 0.3, 0.35 எது பெரிசுன்னு கேட்டுப் பாருங்க" என்றார். கேட்டேன். நான் சரி போட்டிருந்த அந்த மாணவி, கொஞ்சமும் தயங்காமல் 0.3 என்றாள். ஏன் என்று கேட்டேன். "பத்துல ஒண்ணு பெரிய துண்டு, நூறுல ஒண்ணு சின்னத் துண்டு சார். 0.35 நூறுல வருது, அதனால அது சின்னது."

அவள் சொன்னதில் பாதி முழு உண்மை. நூறில் ஒன்று சிறிய துண்டுதான். எத்தனை துண்டுகள் என்பதை மட்டும் விட்டுவிட்டாள். அந்தப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டாள். நானும் கொடுத்துவிட்டேன். அந்த ஆசிரியை சொல்லியிருக்காவிட்டால், அந்தப் பிழையைச் சுமந்துகொண்டே அவள் அடுத்த வகுப்புக்குப் போயிருப்பாள்.

இது ஒரு மாணவியின் தனிக் குழப்பம் அல்ல என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லி என்ற இரு ஆய்வாளர்கள் பிள்ளைகளின் தசமக் குழப்பங்களை வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். 'நீளமான எண்ணே பெரியது' என்று நினைப்பவர்கள் ஒரு வகை, 'குட்டையான எண்ணே பெரியது' என்று நினைப்பவர்கள் இன்னொரு வகை. ஒவ்வொரு வகைக்குள்ளும் உட்பிரிவுகள் உண்டு. எந்த எண் ஜோடியைக் கேட்டால் எந்தக் குழப்பம் வெளியே வரும் என்பதுவரை வேலை நடந்திருக்கிறது. என் வகுப்புப் பையன் முதல் வகை, அந்த மாணவி இரண்டாவது. 0.4, 0.35 என்ற ஒரே ஜோடியை மட்டும் கேட்டால் இரண்டாவது வகை கண்ணில் படாது. இது தெரியாமலே எத்தனை ஆண்டுகள் கேள்வித்தாள் எடுத்திருக்கிறேன் என்று நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

இந்த அறிவு எங்கே கிடைக்கும்? நான் படித்த பட்டப்படிப்பில் இல்லை, பயிற்சிக் கல்லூரியிலும் இல்லை. 1986-இல் லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் இதற்குத் தனிப் பெயரே கொடுத்தார். பாடம் தெரிவது வேறு, பாடம் நடத்தத் தெரிவது வேறு, இந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைகள் எங்கே எப்படித் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று தெரிவது இன்னொன்று என்று பிரித்துக் காட்டினார். அந்த மூன்றாவதுதான் ஆசிரியருக்கே உரிய அறிவு. எனக்கு அது ஆசிரியர் அறையில், பத்து நிமிடத்தில், தற்செயலாகக் கிடைத்தது. அந்தத் தற்செயலை ஏற்பாடாக மாற்றித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எங்களுக்கு வளங்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் 2001-இல் மார்கஸ் ஹோஹன்வார்டர் என்ற மாணவர் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது. இன்று ஒரு முக்கோணத்தின் உச்சியைப் பிடித்து இழுத்து, கோணங்களின் கூடுதல் மாறாமல் இருப்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் திட்டம் 1990-களிலிருந்து நல்ல கணக்குகளை இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது. தேடினால் இன்னும் எத்தனையோ. ஆனால் தேடுவதற்கும், கிடைத்ததைப் போட்டுப் பார்ப்பதற்கும், என் வகுப்புக்கு ஒத்துவருமா என்று யோசிப்பதற்கும் நேரம்? காலை முதல் மாலை வரை பாடவேளைகள். நடுவில் ஒன்று காலியாக இருந்தால், வராத ஆசிரியருக்குப் பதிலாக அந்த வகுப்புக்குப் போகச் சொல்லிச் சீட்டு வந்துவிடும். அப்புறம் நோட்டுத் திருத்துவது, பதிவேடு நிரப்புவது. வீட்டுக்குப் போனபின் மிச்சமிருக்கிற தெம்பில் புதிய வளம் ஒன்றைத் திறந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஒரு துறையை அப்படிச் சிலருடைய தியாகத்தில் நடத்தக் கூடாது.

பயிற்சி வகுப்புகள் நடத்துகிறோமே என்று நீங்கள் சொல்லலாம். நடத்துகிறீர்கள், நன்றி. பெரிய அரங்கு, நூறு ஆசிரியர்கள், மேடையில் ஒரு கருத்தாளர், திரையில் படக்காட்சி, மாலையில் சான்றிதழ். கருத்தாளர்கள் பலர் நல்லவர்கள், உழைத்துத் தயாரித்து வருகிறவர்கள். ஆனால் அந்த அரங்கில் என் மாணவியின் விடைத்தாள் இல்லை. இரண்டு வாரம் கழித்து நான் அந்த முறையை முயன்று பார்த்து இடறினால், ஏன் இடறினேன் என்று கேட்க ஆளும் இல்லை.

ஒரு ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிபிங் மா என்ற ஆய்வாளர் 1999-இல் வெளியிட்டது. அமெரிக்காவிலும் சீனாவிலும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒரே கணக்கைக் கேட்டார்: ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும், அதற்குப் பொருத்தமாக ஒரு கதைக் கணக்கும் சொல்ல வேண்டும். இதைப் படிக்கிற நீங்களும் ஒரு நிமிடம் முயன்று பாருங்கள். 'பாதியாகப் பங்கு போடுவது' என்றுதான் பலருக்கு முதலில் தோன்றும். ஆனால் அது இரண்டால் வகுப்பது. சரியான கதை இப்படி இருக்கும்: ஒன்றே முக்கால் மீட்டர் நாடாவில் அரை மீட்டர் துண்டுகள் எத்தனை வெட்டலாம்? மூன்று முழுத் துண்டு, மிச்சம் கால் மீட்டர், அது அரைத் துண்டு. ஆக மூன்றரை.

அமெரிக்காவில் கணக்கைப் போட்டுப் பார்த்த 21 பேரில் 9 பேர்தான் சரியாக முடித்தார்கள். பொருத்தமான கதை சொன்னவர் ஒரே ஒருவர். சீனாவில் பேட்டி கண்ட 72 பேரும் விடையைச் சரியாகச் சொன்னார்கள், 65 பேர் சரியான கதையும் சொன்னார்கள். இத்தனைக்கும் பள்ளி, கல்லூரியில் அதிக ஆண்டுகள் படித்திருந்தவர்கள் அமெரிக்க ஆசிரியர்கள்தான். வித்தியாசம் எங்கிருந்து வந்தது? சீன ஆசிரியர்கள் வேலைக்கு வந்தபின் படித்தார்கள். பாடப்புத்தகத்தை வரிவரியாகச் சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து படித்தார்கள். ஒரு கணக்குக்கு எத்தனை வழி என்று பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசுவது அங்கே வேலையின் ஒரு பகுதி.

ஜப்பானில் 'ஜுக்யோ கென்க்யூ' என்ற பாட ஆய்வு முறை தலைமுறைகளாக நடக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வார்கள். எந்தக் கணக்கில் தொடங்குவது, கரும்பலகையில் எது எங்கே வர வேண்டும், பிள்ளைகள் என்னென்ன விடை சொல்லக்கூடும் என்று பல நாள் திட்டமிடுவார்கள். ஒருவர் வகுப்பெடுப்பார். மற்றவர்கள் சுவரோரம் நின்று பார்ப்பார்கள். யாரை? பிள்ளைகளை. யார் எந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்தார்கள், யார் அழித்துவிட்டு வேறு எழுதினார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். அங்கே விவாதிக்கப்படுவது பாடம், ஆசிரியர் அல்ல. எங்கள் வகுப்புக்குள் இன்னொருவர் வந்து நின்றால் அது பெரும்பாலும் சோதனை, மதிப்பீடு, விளக்கக் கடிதம். அதனால்தான் கதவைச் சாத்திக்கொண்டே பழகிவிட்டோம்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: வாரத்தில் ஒரு பாடவேளை, பள்ளியில் கணக்கு எடுக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கட்டும். அந்த நேரத்தில் பதிலி வகுப்புக்கு அனுப்பாதீர்கள். அறிக்கை கேட்காதீர்கள். ஒரு கட்டு விடைத்தாளும் ஒரு கரும்பலகையும் போதும். கணக்கு ஆசிரியர் ஒருவரே இருக்கிற சின்னப் பள்ளி என்றால், பக்கத்துப் பள்ளிகளோடு மாதத்தில் ஒரு அரைநாள் சேர்ந்து உட்கார அனுமதி கொடுங்கள். அந்த அரைநாள் பணி நேரமாகக் கணக்கில் வர வேண்டும். விடுப்பு எடுத்துத்தான் போக வேண்டும் என்றால் யாரும் போக மாட்டார்கள்.

பதவி உயர்வு பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதைப் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டே நாங்கள் இத்தனை காலம் இருந்துவிட்டோம். நன்றாகக் கணக்கு நடத்துகிற ஆசிரியருக்கு நீங்கள் கொடுக்கும் பரிசு பெரும்பாலும் நிர்வாகப் பதவிதான். அதாவது வகுப்பறையிலிருந்து வெளியே போகும் வழி. சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்கு மூன்று தடங்கள் இருக்கின்றன: தலைமைப் பொறுப்புக்கு ஒன்று, சிறப்பு வல்லுநர்களுக்கு ஒன்று, கற்பித்தலுக்கென்றே ஒன்று. கற்பித்தல் தடத்தில் போகிறவர் நிர்வாகத்துக்கு மாறாமலே படிப்படியாக உயரலாம், இளைய ஆசிரியர்களுக்கு வழிகாட்டியாக இருக்கலாம். எனக்கு அந்த விடைத்தாளைப் படிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியை எந்தப் பட்டமும் இல்லாமல் ஓய்வு பெற்றார். அவர் போன அன்று, தசமத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவரோடு போய்விட்டது. ஒருவரும் அதை எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்க அவருக்கு நேரமும் தரப்படவில்லை.

கணக்கையே நாங்கள் மறந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. பெலிக்ஸ் கிளைன் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொன்னார்: பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர் பள்ளிக் கணக்கை மறக்கிறார், ஆசிரியராகத் திரும்பி வருகிறவர் பல்கலைக்கழகக் கணக்கை மறக்கிறார். ஒரே பாடத்தை இருபது முறை நடத்தியபின், கடைசியாக விடை தெரியாத ஒரு கணக்கோடு எப்போது மல்லுக்கட்டினோம் என்று எங்களில் பலருக்கு நினைவில்லை. 2006-இல் அமெரிக்கக் கணித ஆய்வு நிறுவனம் ஒன்று ஆசிரியர் கணித வட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. ஆசிரியர்களும் கணிதவியலாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள், அவ்வளவுதான். திணறுவது எப்படி இருக்கும் என்று நினைவுக்கு வந்தால், திணறும் பிள்ளையிடம் பொறுமை தானாக வரும். பல்கலைக்கழகக் கணிதத் துறைகள் மாலையில் ஓர் அறையைத் திறந்துவிட்டால் போதும், இதைத் தொடங்கிவிடலாம்.

கணிதக் கல்விக்கென உலக மாநாடு 1969-இல் பிரான்ஸின் லியோன் நகரில் தொடங்கி, பொதுவாக நான்கு ஆண்டுக்கொரு முறை நடக்கிறது. வசதி குறைந்த நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்காகப் பதிவுக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி உதவுகிறார்கள். இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதே வகுப்பறைக்கு வந்து சேர்வதில்லை. சுற்றறிக்கைகள் எத்தனையோ வருகின்றன. இதற்கும் ஒன்று அனுப்புங்கள், விண்ணப்பிக்கிறவருக்குப் பணி விடுப்பும் கொடுங்கள்.

கடைசியாக, மொழி. நல்ல வளங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறீர்கள். தமிழில் நாம் 'மூன்றில் இரண்டு' என்கிறோம். பகுதி முதலில், தொகுதி பிறகு. ஆங்கிலத்தில் தொகுதிதான் முதலில் வரும். நம் பிள்ளைக்கு, மொத்தம் எத்தனையாகப் பிரிந்தது என்பது காதில் முதலில் விழுகிறது. பின்னத்தின் பொருளைப் புரிந்துகொள்ள இது ஒரு பெரிய வசதி. ஆனால் எழுதும்போது மேலிருந்து கீழாக எழுதுவதால், கேட்ட வரிசையிலேயே மேலே மூன்றும் கீழே இரண்டும் போட்டுவிடுகிற பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஆங்கிலத்துக்காகத் தயாரித்த பாடத்தில் இந்தப் பிழைக்கு இடமே இருக்காது. அதைத் தமிழில் பாடம் நடத்துகிறவர்தான் எழுத முடியும். எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவருக்கு நேரமும் ஊதியமும் கொடுத்து, வெளியாகும் பக்கத்தில் அவர் பெயரையும் போடுங்கள்.

அடுத்த கல்வியாண்டுக்கான கால அட்டவணை இன்னும் சில வாரங்களில் தயாராகிவிடும். அதில் ஒரு கட்டத்தில் 'கணக்கு ஆசிரியர்கள் கூட்டம்' என்று எழுதுங்கள். முதல் வாரத்துக்கு என்னிடம் ஒரு கட்டு விடைத்தாள் இருக்கிறது. அதில் நான் சரி போட்ட விடைகளைத்தான் முதலில் பார்க்கப்போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியர்