தொடர்கதை எழுதும் அக்காக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காக்களுக்கு,

ராத்திரி அடுப்படி வேலை முடிந்து வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு போனிலேயே காதல் தொடர்கதை எழுதுகிற உங்களுக்குத்தான் இந்த மடல். ஒன்பதாம் வகுப்பிலிருந்து உங்களை வாசிக்கிறேன். போர்வைக்குள் ஒளித்துப் படித்து, யூடி (கதையின் அடுத்த பகுதி) வராத நாளில் உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சலோ என்னவோ என்று கவலைப்பட்டவள் நான். இந்தக் கதைகளைக் குப்பை என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் வரும். அப்பா குடித்துவிட்டு வந்து தட்டை வீசிய இரவுகளில் எனக்குத் துணை நீங்கள்தான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஆன்டி ஹீரோக்களைப் பற்றிப் பேச வேண்டும். சின்ன வயதில் அவனை அம்மா விட்டுப் போயிருப்பாள், இல்லையென்றால் காதலித்தவள் ஏமாற்றியிருப்பாள், அதனால் அவன் நாயகியின் கையை முறுக்குவான், கட்டாயத் தாலி கட்டுவான், நாலு பேர் முன்னால் அறைவான். அவளும் அடிபட்டு வந்தவள்தான், ஆனாலும் பொறுப்பாள். 30-வது எபியில் (எபிசோடில்) அவள் மடியில் படுத்து அழுவான். கதை முடிந்தபின் வரும் எபிலாக்கில் இரட்டைக் குழந்தைகள். அந்த மடி அழுகைக்கு ஒவ்வொரு தடவையும் நானும் அழுதிருக்கிறேன்.

அப்புறம் என் வாழ்க்கையிலும் ஒருவன் வந்தான். நாங்கள் இருவரும் 2021-ல் பிளஸ் டூ தேர்வு எழுதாமலே பாஸான பேட்ச். அந்த வருடம் மே மாதம் அவன் அம்மா கொரோனாவில் இறந்தார். முகம் பார்க்க முடியவில்லை, சுற்றிக் கட்டிய உடலைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறான். ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்று கல்லூரி கேன்டீனில் அவன் சொன்னபோதே எனக்கு அவனைப் பிடித்துப்போனது. (பிடித்தது அவனையா, அவன் சோகத்தையா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.)

அவன் கெட்டவன் இல்லை. தூங்க மாட்டான், சரியாகச் சாப்பிட மாட்டான், நான் போனை எடுக்கத் தாமதமானால் கத்துவான். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் என் கையை அவன் பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழித்தது. அன்று ராத்திரியே போனில் மன்னிப்புக் கேட்டு அழுதான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இது பத்தாவது எபி, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடுவான் என்று. சத்தியமாக அப்படியேதான் நினைத்தேன். ரூம்மேட் கேட்டதற்கு வாளிப் பிடி கிழித்துவிட்டது என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது அம்மாவின் பேச்சு என்று உறைத்தது, பக்கத்து வீட்டு அத்தை கேட்கும்போதெல்லாம் அம்மாவும் இப்படித்தான் ஏதாவது ஒரு பாத்திரத்தின் மேல் பழியைப் போடுவாள்.

மூன்றாம் வருடம் ஒரு ராத்திரி 2 மணிக்கு, இனி இருக்கப் பிடிக்கவில்லை என்று மெசேஜ் அனுப்பினான். உங்கள் கதையில் நாயகி ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள். எனக்கோ ஹாஸ்டல் கேட் பூட்டியிருந்தது. அவன் ரூம்மேட்டை போனில் எழுப்பி, பக்கத்தைவிட்டு நகராதே என்று சொல்லிவிட்டு 14416-க்கு அடித்தேன். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் அது, காசு கிடையாது, எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

காலையில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று வழியெல்லாம் பயம், அதுவும் உங்கள் கதைகளில் படித்த பயம்தான். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை விட முயன்றவரையே கடும் மன உளைச்சலில் இருந்தவராகத்தான் கருதச் சொல்கிறது. உதவி கேட்டு வந்தவனை யார் என்ன செய்யப்போகிறார்கள்?

ஓ.பி. சீட்டு வாங்கி நீள பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பாட்டி வளர்ந்த பேரனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் எங்கள் காதலைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், பசி எடுக்கிறதா, அம்மா போன அன்று என்ன நடந்தது, இவ்வளவுதான். மூன்றாவது கேள்விக்கு அவன் உடைந்து அழுதான். இரண்டரை வருடமாக வராத அழுகை, முன்பின் தெரியாத ஒருவர் முன்னால், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், ஆரம்பத்தில் வாய் உலரலாம், வயிறு புரட்டலாம், தேறிவிட்டது என்று நீயாக நிறுத்தாதே என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவனிடம் சொன்னேன், கூட வருகிறேன், ஆனால் இன்னொரு தடவை கை வைத்தால் போய்விடுவேன் என்று. மூன்று மாதம் கழித்து அதே பெஞ்சில் எனக்காகவும் போய் உட்கார்ந்தேன். மெஸ்ஸில் தட்டு கீழே விழுந்தாலே நெஞ்சு அடைத்துக்கொள்ளும், அதற்காக.

அக்கா, சோகக் கதை எழுத வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த பெஞ்சை ஒரு எபியில் எழுதுங்கள். அவன் அறைந்த அன்றே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பட்டும், அவன் தானாகப் போய் வரிசையில் நிற்கட்டும், மாத்திரையை மறந்து திட்டு வாங்கட்டும், அதற்கப்புறம் அவளிடம் வரட்டும். வாசகிகளுக்குப் பிடிக்காது என்பீர்கள். பதினாலு வயதில் இப்படி ஒரு எபி படித்திருந்தால், வளையல் உடைந்த அன்றே ரூம்மேட்டிடம் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

நீங்கள் சேர்ந்தீர்களா என்று கேட்பீர்கள், எனக்குத் தெரியும். அவன் ஓசூரில் வேலையில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். போன வாரம் அவன் அம்மா வைத்துவந்த புளிக்குழம்பைத் தானே வைத்துப் பார்த்தானாம், உப்பு கூடிவிட்டதாம். கல்யாணத்தைப் பற்றி இன்னும் பேசவில்லை.

அடுத்த யூடிக்குக் காத்திருக்கும்,
உங்கள் வாசகி