நிரலில் இல்லை தவறு

ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை வேளைகளில் கல்லூரி மாணவர்களுக்கு லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சென்ற வாரம் ஒரு மாணவி தானே எழுதிய சிறு நிரலைக் கொண்டுவந்தாள். அது இருந்த கோப்புறைக்குள் நின்று, பெயருக்கு முன் புள்ளியும் சாய்கோடும் இட்டால் ஓடியது. வெறும் பெயரைத் தட்டினால், கட்டளை காணப்படவில்லை என்றது. நிரலில்தான் பிழை என்று எண்ணி இரண்டு நாள் திருத்திக்கொண்டிருந்தாளாம்.

உண்மையில், 'பாத்' (PATH) என்னும் மாறியில் முக்காற்புள்ளியிட்டுப் பிரித்து எழுதியுள்ள கோப்புறைகளில் மட்டுமே, இடமிருந்து வலமாக, நாம் தட்டும் கட்டளைகளை ஏற்று இயக்கும் 'ஷெல்' என்னும் நிரல், வெறும் பெயராகத் தட்டிய கட்டளையைத் தேடுகிறது. எவரோ வைத்த போலி நிரல் தவறுதலாக ஓடிவிடக் கூடாது என்பதற்காகவே, நாம் நிற்கும் கோப்புறை வழக்கமாக அதில் சேர்க்கப்படுவதில்லை. நிரலுக்கு இயக்க அனுமதி தந்து, அதன் கோப்புறையை ஷெல் தொடங்கும்போது படிக்கும் 'பாஷ்ஆர்சி' (.bashrc) கோப்பில் ஒரே வரியில் பாத்துடன் சேர்த்து, கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைப் புதிதாகத் திறந்தால் போதும். அவ்வரியில் பாத்தின் பழைய மதிப்பை விட்டுவிட்டால், கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' (ls) போன்ற அன்றாடக் கட்டளைகளும் கிடைக்காமல் போகும். இதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் இருமுறை சொல்வதுண்டு.

நிரல் எழுதக் கற்பிக்கும் பயிற்சி நிலையங்கள் பல, இந்த அரைமணி நேரப் பாடத்தை விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. முதல் வாரத்திலேயே இதைச் சொல்லித்தருமாறு அவர்களைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.