பழைய புரோகிராம் கோடைத் திருத்தவும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி முடித்து வருகிற பிள்ளைகளுக்கு 19 ஆண்டுகளாக டேட்டாபேஸ் வேலை பழக்கிவருகிறேன். புதிதாக எழுதச் சொன்னால் அருமையாக எழுதுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய கோடைச் சுருக்கச் சொன்னால்தான் திணறுகிறார்கள். பாவம், எந்த லேபிலும் அதைச் சொல்லித்தரவில்லை.

எங்களிடம் நகைக்கடன் வட்டி போடும் புரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே ஓடும் புரோகிராம்) ஒன்று இருந்தது. 2,300 வரி. ஆளாளுக்கு ஒட்டுப்போட்டதில் எது எதற்கென்றே புரியாது. ஒரு தம்பி பொறுமையாக உட்கார்ந்து 180 வரிக்குள் கொண்டுவந்தார். முக்கால் மணி நேரம் ஓடுகிற வேலை அன்றிரவு மூன்றே நொடியில் முடிந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். காலையில் பார்த்தால் ஒரு கணக்கில்கூட வட்டி ஏறவில்லை.

தள்ளுபடியான கடன்களை ஒதுக்கப் பழைய கோடில் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்ற நிபந்தனை இருந்தது; பொருந்தும் வரிசை தள்ளுபடி டேபிளில் இல்லையா என்று பார்ப்பது அது. படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று அதை, 'இந்தப் பட்டியலில் இல்லாதவை' என்று கேட்கும் 'நாட் இன்' ஆக்கியிருந்தார். தள்ளுபடி டேபிளில் ஒரே ஒரு வரிசையில் கடன் எண் இல்லாமல் 'நல்' (மதிப்பு எதுவும் இல்லை என்ற குறி) கிடந்தது. பட்டியலில் ஒரு நல் இருந்தாலே போதும், எந்தக் கடனையும் 'இதில் இல்லை' என்று 'நாட் இன்' உறுதி சொல்லாது. ஆக, ஒன்றும் தேறவில்லை. பிழைச் செய்தியும் வராது. நாங்கள் சோதித்துப் பார்த்த டேட்டாவில் அந்த வரிசை இல்லை. அந்தத் தம்பியைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இப்போது முந்தின நாள் பேக்கப்பைத் தனி சர்வரில் ஏற்றி, பழையதையும் புதியதையும் ஓட்டி, கடன்வாரியாகப் பைசா வரை ஒப்பிடுகிறோம். மார்ச் 31 கணக்கையும் விடுவதில்லை. ஒரு தடவைக்கு ஒரு துண்டைத்தான் மாற்றுவோம். ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றுவதென்றாலும் முதலில் புதியதைச் சேர்த்து, பழைய விவரங்களை அதில் நிரப்பி, கொஞ்ச நாள் இரண்டிலும் எழுதவிட்டு, பழையதை யாரும் படிக்கவில்லை என்று தெரிந்த பிறகே நீக்குவோம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றப்போய்ப் பெரிய இடங்களும் அடிபட்டிருக்கின்றன. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி (TSB) வங்கி, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றியது. லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022இல் அந்த வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம்.

பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு உங்கள் நாளிதழ் மூலம் என் கோரிக்கை இதுதான்: டேட்டாபேஸ் செய்முறைத் தேர்வில் ஒரு முறையாவது 500 வரிப் பழைய புரொசீஜர் ஒன்றையும், நல் கலந்த டேட்டாவையும் கொடுங்கள். விடை ஒரு பைசாவும் மாறாமல் அதைப் பாதியாக்கச் சொல்லுங்கள்.

– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்