ஆறு மணிக்கு வந்த எதிரி

ஆசிரியருக்கு வணக்கம்.

டிவி தொடர்களைப் பார்த்துப் பிள்ளைகள் பட்டாளத்துப் பேச்சுப் பழகுவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் 17 வருடம் வயர்லெஸ் செட்டோடு குடும்பம் நடத்தியவன் நான். என் பேரனிடம் தண்ணீர் கேட்டால், "ரோஜர், ஓவர் அண்ட் அவுட்" என்கிறான்.

ஜபல்பூர் பயிற்சி மையத்தில் நாங்கள் இப்படிச் சொல்லியிருந்தால் உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) மைதானத்தைச் சுற்ற விட்டிருப்பார். 'ஓவர்' என்றால் நான் முடித்துவிட்டேன், நீ பேசு. 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவன் பேசுவதா, வாயை மூடுவதா? 'ரோஜர்' என்பது வந்து சேர்ந்தது என்பதற்கான 'ரிசீவ்ட்'டின் முதல் எழுத்து. வயர்லெஸ்ஸில் எழுத்து குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு; பழைய வரிசையில் ஆர் எழுத்துக்கு ரோஜர் என்று பெயர். 1956இல் அது ரோமியோ ஆகிவிட்டது. ரோஜர் மட்டும் போகவில்லை. காதில் விழுந்தது என்பதோடு அதன் வேலை சரி. செய்கிறேன் என்று சொல்ல 'வில்கோ' என்று தனியாக ஒன்று உண்டு. ரோஜர் சொல்லிவிட்டு சோபாவை விட்டு எழுந்திருக்காத என் பேரன் அதைச் சரியாகத்தான் பயன்படுத்துகிறான் போலிருக்கிறது.

எனக்கு வயிற்றைக் கலக்குவது 'ரிபீட்'. சரியாகக் கேட்கவில்லை என்றால் நாங்கள் 'சே அகெய்ன்' என்போம். 'ரிபீட்' பீரங்கிக்காரர்களின் சொத்து. சுட்ட இடத்திலேயே மறுபடியும் சுடு என்று பொருள். தொடர்களில் கதாநாயகன் அதைத்தான் வாய் ஓயாமல் கத்துகிறான்.

அப்புறம் தமிழ் டப்பிங். ஒரு தொடரில், "உன் ஆறு மணிக்கு எதிரி!" என்று ஒருவன் அலறினான். என் மனைவி சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். கடிகார முகத்தை வைத்துத் திசை சொல்வது அது. பன்னிரண்டு நேர் முன்னால், ஆறு முதுகுக்குப் பின்னால். 'பின்னாடி பார்' என்றால் முடிந்தது. அதே தொடரில் 'ஃபயர் இன் த ஹோல்' என்பது "குழிக்குள் தீ!" என்று வந்தது. வெடிக்கப் போகிறது, ஒதுங்கு என்பதற்குச் சுரங்கத்தில் வெடி வைப்பவர்கள் எழுப்பிய கூவல், இங்கே தீயணைப்பு வண்டியைக் கூப்பிடும் சமாசாரம் ஆகிவிட்டது.

1989இல் தூர்தர்ஷனில் வந்த 'ஃபௌஜி' என்ற பட்டாளத்துத் தொடரை இயக்கியவரே ஓய்வுபெற்ற கர்னல். அந்த அளவுக்கு வேண்டாம். வசனம் எழுதுகிறவர் ஒரு மத்தியானம் யாராவது ஒரு பழைய பட்டாளத்துக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் போதும். வேலூர்ப் பக்கம் எங்களுக்கா பஞ்சம்? டீ வாங்கிக் கொடுத்தால் நானே வருகிறேன்.

ஒரு முன்னாள் ஹவில்தார்,
குடியாத்தம்